கைமாறாத நாற்காலி

2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் டிக்கோயாவில் ஒரு வைத்தியசாலை திறந்து வைக்கப்பட்டது. இந்திய அரசின் உதவியால் எழுந்த, 150 கட்டில்கள் கொண்ட கட்டடம் அது. திறந்து வைத்தவர் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி. அன்றைய தினமே நோர்வூட்டில் பெருங்கூட்டம் நடந்தது. தோட்டந்தோட்டமாக மக்கள் வந்து குவிந்தனர். எந்தத் தலைவர் எவருக்கு அருகில் நின்றார், யாருடைய மாலை யாருடைய கழுத்தில் விழுந்தது என்னும் ஆராய்ச்சி மலையகத்துத் தேநீர்க் கடைகளில் பல நாள் நடந்தது.

அந்த மே 12 உலகத் தாதியர் தினம் என்பதை அன்று எத்தனை பேர் நினைத்தனர்? புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாளைத் தாதியர்க்குரிய நாளாக உலகம் கொண்டாடுகிறது. அதே நாளில் வைத்தியசாலை ஒன்று திறக்கப்படுகிறது. பேச்செல்லாம் திறந்தவரைப் பற்றியும் அழைத்தவரைப் பற்றியுமே இருக்கிறது. 150 கட்டில்களும் தாமாகவே நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்குமா? நள்ளிரவில் காய்ச்சல் ஏறிய குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்குமா?

வள்ளுவர் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக அவர் வைப்பது ‘உழைச்செல்வான்’ என்பவனை. நோயாளியின் அருகிருந்து மருந்தை ஊட்டிப் பேணுபவன் அவன். இன்றைய மொழியில் சொன்னால் தாதி. வைத்தியனின் ஏவலாள் என்று அவனை அடைப்புக்குள் போடாமல், நால்வருள் ஒருவனாகத் தனியே எண்ணிவிட்டார் வள்ளுவர். அவர் கொடுத்த இடத்தை நம் நாட்டு மேடைகள் இன்னும் கொடுக்கவில்லை. மேடையைப் பற்றிய முறைப்பாடு ஒருபுறம் இருக்கட்டும். தாதியர் தாமே கூடி அமைக்கும் சங்கத்திலாவது அந்த இடம் அவர்களுக்கு உண்டா என்பதே நம் கேள்வி.

இலக்கிய ஏட்டில் தாதியர் சங்கத்துக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் புருவத்தை நெரிக்கக்கூடும். நாம் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பிப்பவர்கள். நம்மிடம் படித்த பெண்பிள்ளைகள் இன்று நுவரெலியாவிலும் டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் வெள்ளை உடையில் நிற்கிறார்கள். நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த மொழியை அவர்கள் எங்கே பேசப்போகிறார்கள், யார் முன்னிலையில் வாய்மூடி நிற்கப்போகிறார்கள் என்பது நம்மைப் பொறுத்த விஷயந்தான். மக்கள் வாழ்வைப் பாடுவதாகச் சொல்லிக்கொள்ளும் இலக்கியம், அந்த மக்கள் தம் வாழ்வைத் தாமே நடத்த முற்படும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சென்ற மாதம் நம் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். மலையகத்து அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் அவள் தாதி. அவளுடைய தாயார் இன்றும் கொழுந்துக் கூடையுடன் மலை ஏறுகிறார். அயல் வைத்தியசாலைகள் சிலவற்றிலுள்ள தாதியரும் மருத்துவமாதரும் சேர்ந்து தங்கள் தொழிற்சங்கத்துக்கு ஒரு பிரதேசக் கிளை அமைக்க முயல்கின்றனர். அதற்கான முதற் கூட்டத்தில் மூத்த உத்தியோகத்தர் ஒருவர் எழுந்து, கிளைக்குத் தலைவராக அரசியலில் செல்வாக்குள்ள ஒரு ‘ஐயா’வை அழைத்துவிடுவோம் என்றாராம். பெண்களுக்காக மகளிர் அணி ஒன்று அமைத்து அதன் பொறுப்பை அவர்களுக்குத் தரலாம் என்றும் சேர்த்துக்கொண்டாராம். கூட்டத்தில் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்! நம் மாணவி எழுந்து ஆட்சேபித்திருக்கிறாள். “நைட் டியூட்டி பாக்கிற புள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு?” என்று சிரித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

“சேர், எங்க சங்கத்துக்கு எங்கள்ல ஒருத்தர் தலைவராக ஏலாதா?” என்று அவள் நம்மைக் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு வீட்டு முற்றத்தில் நின்று பதில் சொல்லி அனுப்பிவிடுவது போதாது என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறோம்.

இந்தப் பெண்கள் வெள்ளை உடைக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தார்கள் என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களுடைய பாட்டனாரையும் பாட்டியாரையும் நாடற்றவர் ஆக்கிற்று. 1964இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மனிதரைப் பங்கு பிரித்தது. எஞ்சியோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? உரிமை வந்த பிறகும் வழி திறந்துவிடவில்லை. தாதியர் பயிற்சிக்குச் செல்ல உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படித்திருக்க வேண்டும். தோட்டப்புறத்துப் பாடசாலைகளில் அந்தப் பிரிவுகளைக் கொண்டவை மிகச் சில. ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடத்தில் பெளதிகத்தைக் கரும்பலகையிலேயே படித்துத் தேறிய பிள்ளைகளை நாம் அறிவோம். இத்தனை மலையையும் ஏறி வந்தவளிடம், ஒரு சங்கத்தின் கூட்டக் குறிப்பை எழுதவும் கணக்கை வாசிக்கவும் உனக்குத் திறமை போதாது என்று சொல்ல யாருக்கு வாய் வருகிறது?

அவள் வேலை செய்யும் இடத்தின் நிலைமையையும் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாதோர் நாடு முழுவதற்கும் 100க்கு 17 பேர். தோட்டத் துறையில் 100க்கு 32 பேர். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாட்டின் கிராமங்களுக்கு மருத்துவமாதைக் கொண்டு சென்றது. தோட்டங்களோ நெடுங்காலம் அந்த வலைக்கு வெளியே, துரைமாரின் தயவில் நின்றன. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் இருந்தும், தோட்டத்து மருந்துக் காம்பராவில் என்ன கிடைத்தது என்பதை நம் மூத்தோரைக் கேட்டால் தெரியும். இன்றைக்கும் லயத்திலிருந்து பிரசவ வேதனையோடு வரும் பெண்ணுக்குத் தன் நோவைத் தன் மொழியில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எத்தனை பேர், எந்த வார்ட்டில், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் சங்கம் பேசவேண்டிய விஷயங்கள். ஆகவே இந்தக் கிளைக்கு யார் தலைமை தாங்குவது என்பது ஏதோ சில உத்தியோகத்தரின் படித்தொகைப் பிரச்சினை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

ஐயாவை அழைக்க வேண்டும் என்போர் மூன்று நியாயங்கள் சொல்கிறார்கள். பெரிய மனிதர் ஒருவர் இல்லாவிட்டால் கொழும்பில் எந்தக் கோப்பும் நகராது என்பது முதலாவது. முறை மாறி முறை வேலை செய்யும் தாதியர்க்குச் சங்கம் நடத்த நேரம் ஏது என்பது இரண்டாவது. பெண்கள் இரவில் கூட்டத்துக்கும் பிரயாணத்துக்கும் போக முடியுமா என்பது மூன்றாவது.

முதல் நியாயத்தை எடுத்துக்கொள்வோம். இது நம் நாட்டில் புதிய யோசனை அன்று. பொதுச் சேவை ஐக்கிய தாதியர் சங்கத்துக்கு நெடுங்காலம் தலைமை வகித்து வந்திருப்பவர் வணக்கத்துக்குரிய முருத்தெட்டுவே ஆனந்த தேரர். அவருடைய துறவுக் கோலத்தின் மீது நமக்கு மரியாதை உண்டு. அவர் தலைமையில் தாதியர் பெற்றவை உண்டென்பதையும் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் பெண்களே செய்யும் ஒரு தொழிலுக்கு, அத்தொழிலைச் செய்யாத ஒரு துறவி தலைவராக வேண்டியிருக்கிறதென்றால், அது அந்தத் தொழிலின் குறையா, அத்தொழிலாளரின் சொல்லுக்குச் செவி கொடுக்காத சமூகத்தின் குறையா? அமைச்சர் தேரருக்கு எழுந்து நிற்பார். தாதிக்கு எழுந்து நிற்கமாட்டார். அந்த அவமரியாதையை நிரந்தரமாக ஏற்றுக்கொண்டு, அதற்கு ஏற்றபடி சங்கத்தை வளைத்துக்கொள்வதா புத்திசாலித்தனம்?

மலையகத்தாராகிய நமக்கு இதைவிட நெருங்கிய பாடம் ஒன்று இருக்கிறது. 1931இல் அட்டனைக் களமாகக் கொண்டு கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது, அவருடைய மனைவியார் மீனாட்சியம்மாள் மேடைகளில் தாமே இயற்றிய பாட்டுகளைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். நம் இயக்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் குரல் இருந்தது. அதற்குப் பின் என்ன நடந்தது? 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. அதன் தொழிற்சங்கம் பெரிய ஸ்தாபனமாக வளர்ந்து இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. இரு பெருந்தலைவர்களான தொண்டமானும் அஸீஸும் ஓரிடத்தில் அமர முடியாமல் ஐம்பதுகளின் நடுவில் அது பிளந்தது. செளமியமூர்த்தி தொண்டமான் 1999இல் மறையும்வரை தலைமையில் இருந்தார். பின்னர் பேரனார் ஆறுமுகன். 2020இல் அவர் மறைந்ததும் அவருடைய புதல்வர் ஜீவன்.

இந்தச் சங்கங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நன்றி கொன்ற பேச்சாகும். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைத்தது வேலைநிறுத்தத்தின் பலன். பிரஜாவுரிமைக்காக அவை நடத்திய போராட்டத்தை எவரும் மறக்க முடியாது. நாம் கேட்பது வேறு. தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் பெண்கள். மாதாமாதம் சம்பளத்திலிருந்து சந்தா பிடிபடுவதும் அவர்களிடமிருந்தே. அந்தச் சந்தாவில் நடந்த பெரிய சங்கங்களின் தலைமை நாற்காலியில் கொழுந்து பறித்த பெண் ஒருத்தி அமர்ந்ததுண்டா? தோட்டத்தில் மாதர் கமிட்டி உண்டு. மாவட்டத்தில் மகளிர் பிரிவு உண்டு. மே தின ஊர்வலத்தில் முன்வரிசை உண்டு. தீர்மானம் எழுதும் மேசையில் மட்டும் இடமில்லை. பாட்டனாரிடமிருந்து பேரனுக்குப் போவது காணியும் நகையுமாக இருந்தால் நமக்குப் பேச்சில்லை. இலட்சக்கணக்கானவர்களின் சந்தாவும் நம்பிக்கையும் அப்படிப் போகலாமா?

2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடை அணிந்து, ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு நின்றபோது, அது முதலாளிமாரை நோக்கிய கோபம் மட்டுந்தானா? தங்கள் பெயரால் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தவர்கள் மீது நம்பிக்கை தேய்ந்ததன் அடையாளமும் அதில் இருந்தது. பெரிய மனிதரின் நிழலில் நிற்பவனுக்கு வெயில் படாது என்பது உண்மை. நிழலில் நட்ட கன்று எவ்வளவு வளரும் என்பதையும் நம்மவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

அப்படியானால் தலைவரே வேண்டாம், எல்லோரும் கூடினால் போதும் என்று சில இளைஞர்கள் சொல்வார்கள். அவர்களுக்கும் ஓர் உதாரணம் காட்டுவோம். கேரளத்து மூணாறு மலையில் நம்மைப் போன்ற தமிழ்த் தொழிலாளர்களே தேயிலைத் தோட்டங்களில் இருக்கின்றனர். 2015 செப்டெம்பரில் கம்பெனி போனஸைக் குறைத்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் வந்து அமர்ந்தனர். பழைய சங்கத் தலைவர்களை அண்ட விடவில்லை. அரசியல்வாதிகளைத் திருப்பி அனுப்பினர். ‘பெம்பிளை ஒருமை’ என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். ஒன்பது நாளில் 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டே எழுந்தனர். அந்தச் செய்தி வந்த நாட்களில் மலையகத்தில் நாம் அடைந்த பூரிப்பைச் சொல்லி முடியாது.

ஆனால் அதன் பின்? அடுத்து என்ன செய்வது, யார் எந்தப் பொறுப்பை ஏற்பது, பணம் யார் கையில், கருத்து வேற்றுமை வந்தால் எங்கே பேசித் தீர்ப்பது என்பவற்றுக்கு முறை வகுப்பதற்குள் புகழ் வந்துவிட்டது; புகழோடு பூசலும் வந்தது. முன்னணியில் நின்றவர்கள் பிரிந்தனர். சில மாதங்களில் அந்தப் பேரலை வடிந்துவிட்டது. குற்றம் அந்தப் பெண்களுடையது என்று சொல்ல மாட்டோம். தலைமுறை தலைமுறையாக அவர்களைத் தலைமைக்குப் பழக்காமல் வைத்திருந்த சங்கங்களே அந்தக் குற்றத்தை ஏற்க வேண்டும். எனினும் பாடம் பாடந்தான். ஒருவரே நாற்காலியை விடாமல் பற்றிக்கொள்வதும், நாற்காலியே வேண்டாம் என்று வீசிவிடுவதும் கடைசியில் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன. இரண்டிலும் சாதாரண அங்கத்தவன் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

பிறகு வழிதான் என்ன? வழியைத் தேடி எங்கும் போக வேண்டாம். தாதியர் அதை நாள்தோறும் வார்ட்டில் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

காலை ஏழு மணிக்கு ஒரு வார்ட்டுக்குள் போய் நின்று பாருங்கள். இரவு முறை முடிந்து போகிறவளும் பகல் முறைக்கு வருகிறவளும் கட்டில் கட்டிலாக நடந்து போகிறார்கள். இந்தக் கட்டிலுக்கு இரவில் காய்ச்சல் எவ்வளவு, அந்தச் சேலைன் எத்தனை மணிக்கு முடியும், மூலைக் கட்டில் பாட்டி ஏன் கஞ்சி குடிக்கவில்லை, எந்தத் தாய் விடிய விடிய அழுதாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். பதிவேட்டில் எழுதியும் வைக்கிறாள். ஒப்படைக்காமல் அவள் வீட்டுக்குப் போக முடியாது. வருகிறவள் வந்து சேராவிட்டால் நோயாளியை விட்டுவிட்டும் போக முடியாது. “இது என் நோயாளி, நான் உயிரோடிருக்கும் வரை வேறெவரும் தொடக்கூடாது” என்று எந்தத் தாதியும் சொன்னதில்லை. சொன்னால் அவளை வேலையிலிருந்து நிறுத்துவார்கள். உயிரையே இப்படிக் கைமாற்றிக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு ஒரு சங்கத்தைக் கைமாற்றத் தெரியாதா?

நைட்டிங்கேல் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கேந்திய சீமாட்டி தனியாக நடந்து போகும் படத்தை நம் பாடப்புத்தகங்கள் பதித்துவிட்டன. 1854இல் கிரிமியப் போருக்காக அவர் ஸ்கூட்டாரி போனபோது அவருடன் 38 பெண்கள் சென்றார்கள் என்பதை எத்தனை புத்தகம் சொல்கிறது? அந்தப் போரில் அவர் சாதித்தது விளக்கு வெளிச்சத்தில் அல்ல. சமையலறையைச் சீர்செய்ததிலும், துணி வெளுக்க ஏற்பாடு செய்ததிலும், சாவுக் கணக்கை எழுதி வைத்ததிலும் அது இருந்தது. அவரும் பிழைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். பயிற்சி பெற்ற தாதியரை அரசாங்கம் பதிவு செய்ய வேண்டும் என்று எதெல் பெட்போர்ட் பென்விக் அம்மையார் 1887இல் பிரித்தானியத் தாதியர் சங்கத்தை அமைத்தபோது, எதிர்த்து நின்றவர்களில் நைட்டிங்கேலும் ஒருவர். அவ்வளவு பெரிய பெயர் எதிரே நின்றும் அவர்கள் அஞ்சவில்லை. 1899இல் பல நாட்டுத் தாதியரைச் சேர்த்து அனைத்துலகத் தாதியர் பேரவையைக் கண்டார்கள். 1919இல் பிரித்தானியப் பாராளுமன்றம் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! ஒரு சீமானின் சிபாரிசில் ஒரே நாளில் வந்ததாக இருந்தால், அடுத்த சீமானின் கோபத்தில் ஒரே நாளில் அது போயிருக்கும்.

ஆதலால், கிளை அமைக்கும் நம் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். உபதேசம் என்று எண்ணாமல், பக்கத்தில் இருப்பவர்களின் யோசனையாகக் கொள்ளுங்கள்.

1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிய ஏழு பேரின் கையொப்பம் வேண்டும். சட்டமே ஏழு கைகளைக் கேட்கும்போது நாம் ஏன் ஒற்றைத் தலையைத் தேடி அலைகிறோம்? கிளையின் நிர்வாகக் குழுவை வெள்ளை உடை அணிந்தவர்களிலிருந்தே தெரிந்தெடுங்கள். எல்லோரும் ஒரே பெரிய வைத்தியசாலையிலிருந்து வரவேண்டாம். நுவரெலியாவிலிருந்து ஒருவர் என்றால், மஸ்கெலியா, லிந்துலை போன்ற சிறிய வைத்தியசாலையிலிருந்து ஒருவர், தோட்டம் தோட்டமாக நடக்கும் மருத்துவமாது ஒருவர் என்று இருக்கட்டும். பெரிய வார்ட்டில் இருப்பவருக்கு லயத்து வாசலில் நடப்பது தெரியாது. லயத்துக்குப் போகிறவருக்குக் கொழும்புச் சுற்றறிக்கையின் நுணுக்கம் தெரியாது. இருவரும் ஒரு மேசையில் அமர்ந்தால்தான் முழு உண்மை தெரியும்.

ஆளுக்கேற்ற வேலையைக் கொடுங்கள். தெரிந்து வினையாடல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். நன்றாகப் பேசுபவர் நன்றாகக் கணக்கு எழுதுவார் என்பதில்லை. கூட்டத்தில் வாய் திறவாத ஒருவர், அழுதுகொண்டு வரும் இளம் தாதியின் முறைப்பாட்டைப் பொறுமையாகக் கேட்டு எழுதுவதில் வல்லவராக இருக்கலாம். மேடைப் பேச்சை மட்டுமே தலைமை என்று எண்ணும் பழக்கத்தை நம் அரசியல் நமக்குத் தந்தது. அதைச் சங்கத்தின் வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

பதவிக்குக் காலம் குறியுங்கள். இரண்டு தவணைக்கு மேல் ஒருவர் ஒரே பதவியில் இருக்கலாகாது என்று யாப்பிலேயே எழுதுங்கள். செயலாளருக்குப் பக்கத்தில் ஒரு துணைச் செயலாளரை வைத்து, கடிதம் எழுதவும் அதிகாரிகளைக் காணவும் அவரையும் அழைத்துப் போங்கள். ஒருவர் வெளிநாடு போனாலும், மாற்றலாகிப் போனாலும், பிரசவ விடுமுறையில் போனாலும் சங்கம் நிற்காதிருக்க அதுவே வழி. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனை தாதியர் கடல் கடந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே ஒருவர் தோளில் நிற்கும் சங்கம் ஒரு விமான டிக்கெட்டில் முடிந்துபோகும்.

கணக்கைத் திறந்து வையுங்கள். கேரளத்தில் 2011இல் தனியார் வைத்தியசாலைத் தாதியர் அமைத்த ஐக்கிய தாதியர் சங்கம் அடிமைச் சம்பளத்தை எதிர்த்துப் பெரும் போராட்டங்கள் நடத்தியது. 2018இல் மாதம் 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் அரசாங்க அறிவித்தலாக வந்ததில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்த ஆண்டே அதன் நிதியைப் பற்றிய குற்றச்சாட்டு பொலிஸ் வழக்காயிற்று. குற்றம் உண்மையா பொய்யா என்பதைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. நமக்கு வேண்டிய படிப்பினை இது: கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோர் முன்னும் வாசிக்கப்படுமானால், சந்தேகம் முளைக்கும்போதே கிள்ளி எறியலாம்.

இன்னொன்று. இந்தக் கிளையைத் தமிழ்த் தாதியரின் தனித் தீவாக்கிவிடாதீர்கள். உங்களோடு இரவு விழிக்கும் சிங்களத் தோழிக்கும் கால் வலி அதே வலிதான். கூட்டக் குறிப்பு இரு மொழியிலும் எழுதப்படட்டும். நோயாளியின் மொழி தெரிந்தவர் வார்ட்டில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையைச் சிங்களத் தாதியே எழுந்து முன்மொழியும் நாள் வந்தால், அதைவிடப் பெரிய வெற்றி வேறில்லை. மாறுபட்ட கருத்துச் சொல்பவரைத் துரோகி என்று விரட்டாமல், அவர் கருத்தையும் குறிப்பில் எழுதி வையுங்கள். இன்று தோற்ற கருத்து நாளை தேவைப்படும்.

நேரம் இல்லை, பெண்கள் இரவில் வர முடியாது என்ற மற்ற இரு நியாயங்களுக்கும் நீண்ட பதில் வேண்டியதில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு வார்ட்டில் நிற்க முடிகிற பெண்ணால் இரவு ஏழு மணிக்குக் கூட்டத்தில் இருக்க முடியாது என்பது யாருடைய கவலை? அவளுடைய பாதுகாப்பைப் பற்றிய கவலையாக இருந்தால், கூட்டத்தைப் பகலில், முறை மாறும் நேரத்தை ஒட்டி, வைத்தியசாலை வளவிலேயே வைக்கலாமே! கைக்குழந்தையோடு வருகிறவளுக்குப் பாய் விரித்து இடம் கொடுக்கலாமே! சங்கப் பணிக்குச் செல்பவருக்குக் கடமை விடுமுறை வேண்டும் என்பதை முதற் கோரிக்கையாக வைக்கலாமே! இவற்றில் ஒன்றையும் செய்யாமல், ஆண்களுக்கு வசதியான நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று பெருமூச்சு விடுபவர்கள், அவர்கள் வராதிருப்பதையே விரும்புகிறார்கள் என்றுதான் நாம் கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மாலை மோகத்தை வளர்த்ததில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு அரசியல் பிரமுகரை அழைக்க நாம் எத்தனை படி ஏறியிருக்கிறோம்! அவர் மூன்று மணி நேரம் பிந்தி வரும்வரை பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறோம். பெரிய மனிதர் வந்தால்தான் எதுவும் நடக்கும் என்ற பாடத்தைப் புத்தகத்தில் இல்லாமலே நாம் கற்பித்துவிட்டோம். அந்தப் பாடத்தை நம் மாணவி மறந்துவிட்டாள் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் பதவிக்கு அவள் போட்டியிடப் போகிறாள். தோற்கவும் கூடும். தோற்றாலும், “எங்களில் ஒருவர்” என்ற சொல் அந்த மண்டபத்தில் ஒலித்துவிட்டது. அதை இனி எவராலும் குறிப்பிலிருந்து அழிக்க முடியாது. வென்றால், அவளிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்று. காலை ஏழு மணிக்கு நீ உன் நோயாளிகளை எப்படி ஒப்படைக்கிறாயோ, அப்படியே ஒருநாள் இந்தப் பதவியையும் கட்டில் கட்டிலாக நடந்து, ஒன்றையும் மறைக்காமல், அடுத்து வருகிறவள் கையில் ஒப்படைத்துவிட்டு வா, மகளே. அன்று நாம் உன் வீட்டுக்கு வந்து உன் தாயார் ஊற்றித் தரும் தேநீரைக் குடிப்போம்.